நித்திரையிலும் உழைக்கும் பொட்

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் போன், போனில் ஒரு யூடியூப் வீடியோ. "சேர், இது ஆர்பிட்ராஜ் பொட். கிரிப்டோவை ஒரு இடத்தில மலிவா வாங்கி இன்னொரு இடத்தில கூட விலைக்கு விற்கும். நாங்க நித்திரை கொண்டாலும் அது உழைக்கும்" என்றான். முதலுக்கு அம்மாவின் காப்பு இரண்டையும் அடகு வைக்கப் போகிறானாம். "சரியா எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சேர்."

ஆர்பிட்ராஜ் என்பது பொய்யல்ல. எங்கள் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு வவுனியாவுக்கு ஏற்றுகிறவரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். விலை வித்தியாசம் முழுவதும் இலாபமா? லொறிக் கூலி, ஐஸ், பழுது எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருக்கு.

கிரிப்டோவிலும் அதே கணக்குத்தான். உதாரணத்துக்கு, ஒரு பிட்கொயின் ஒரு சந்தையில் 60,000 டொலர், இன்னொன்றில் 60,100 டொலர் என்று வைப்போம். வித்தியாசம் 100. வாங்கும்போது 0.1 வீதம், விற்கும்போது 0.1 வீதம் கட்டணம் என்றால் ஏறத்தாழ 120 டொலர் போய்விடும். 20 டொலர் நட்டம். இடம் மாற்றும் கட்டணமும், மாற்றி முடியுமுன் விலை இறங்கும் ஆபத்தும் வேறு. இந்தச் சின்ன இடைவெளிகளைப் பெரிய கம்பனிகளின் கணினிகள் கண் இமைக்குமுன் பிடித்துவிடும். வெள்ளாங்குளத்தில் ஒரு டேட்டா கார்டைப் போட்டுக்கொண்டு அவர்களோடு ஓடி வெல்ல முடியுமா?

பெரிய இடைவெளிகளும் வந்ததுண்டு. 2018 தொடக்கத்தில் ஜப்பானில் பிட்கொயின் விலை அமெரிக்காவை விடக் கூடுதலாக இருந்தது. சாம் பேங்க்மன்-ஃபிரைட் என்பவர் அதில் சம்பாதித்தார். அதற்கு ஜப்பானில் வங்கி ஏற்பாடு, பெருந்தொகை முதல், இரவு பகலாக ஆட்கள் என்று எல்லாம் தேவைப்பட்டது. சில வாரங்களில் அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது.

இனி அந்த வீடியோ. "இந்தக் கோடை அப்படியே கொப்பி பண்ணுங்கள், ரீமிக்ஸ் தளத்தில் ஒட்டுங்கள், ஈதர் போடுங்கள், ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்" என்கிறார்கள். இது உலகம் முழுக்கப் பழகிப்போன ஏமாற்று. கோடுக்குள் ஒரு பணப்பை முகவரி துண்டு துண்டாக ஒளிந்திருக்கும். ஸ்டார்ட்டை அழுத்தியதும் போட்ட ஈதர் முழுவதும் அந்த முகவரிக்குப் போகும். களவெடுக்கும் கோடை நீங்களே உங்கள் கையால் இயக்கிவிடுகிறீர்கள். கீழே "எனக்கு இலாபம் வந்தது" என்று எழுதியிருப்பவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான்.

பொட்டின் பெயரால் ஏமாற்றுவது புதிதல்ல. பிட்கனெக்ட் என்ற நிறுவனமும் தன்னிடம் தானாக வியாபாரம் செய்யும் பொட் இருப்பதாகச் சொல்லித்தான் காசு சேர்த்தது. 2018 ஜனவரியில் கவிழ்ந்தது. 2.4 பில்லியன் டொலர் மோசடி என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. எங்கள் நாட்டுக்கு எம்டிஎஃப்ஈ வந்தது. செயற்கை நுண்ணறிவு வியாபாரம் செய்யும், நீங்கள் போனைத் தொட்டால் போதும் என்றார்கள். 2023 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் கணக்குகள் எல்லாம் மறைப் பெறுமானம் காட்டின. போட்ட காசும் இல்லை, மேலே கடனாம். எம்டிஎஃப்ஈ, ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மக்ஸ்டிடி எல்லாம் இப்போது மத்திய வங்கியின் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஆள் சேர்ப்பதும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

"இது ஹலாலா சேர்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் முழாரபாவில் இலாபத்தைப் பங்கு விகிதத்தில்தான் பேசலாம், மாதம் இவ்வளவு என்று தொகை குறிக்க முடியாது என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். "நாளுக்கு 2 வீதம் நிச்சயம்" என்று ஒருவன் சொன்னால், எந்த மதத்தவரானாலும் அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். 2023இல் எனக்குத் தெரிந்த படித்த மனிதர் ஒருவர் இப்படியொரு ஆப்புக்கு ஆள் சேர்த்தார். எனக்குச் சந்தேகம் இருந்தது. "எனக்கேன் வம்பு" என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு குடும்பம் நகையை இழந்தது. அவர்களைச் சந்தியில் காணும்போது இன்றும் என்னால் முகம் பார்த்துக் கதைக்க முடியவில்லை. இந்தப் பதிவு அதற்காகவும்தான்.

பிள்ளைகளைப் பேசாதீர்கள். வேலையில்லை, கடலும் வயலும் முந்தி மாதிரி இல்லை. அவர்கள் வழி தேடுகிறார்கள். காசு போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். சிரித்தால் அடுத்தவன் எங்களிடம் கேட்காமலே அடகுக்கடைக்குப் போவான்.

அந்தப் பையனிடம் சொன்னேன்: "கோட் படிக்க ஆசையா, படி. சொந்தக் காசு போடாமல் பரீட்சித்துப் பார்க்கும் சோதனை வலையமைப்புகள் இருக்கின்றன. சனிக்கிழமை வா, இருவரும் அந்தக் கோடை வரி வரியாக வாசிப்போம். அதுவரை காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவனையும் அனுப்புங்கள். என் வீட்டு விறாந்தையில் இடம் இருக்கிறது.