விவரம் தெரிந்து விலை பேசுவோம்

புளி வாங்கும்போது கொட்டை, நார், ஈரம் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய கணிப்பொறி விஷயத்தில் மட்டும், "இது பழசு, புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டி விடுகிறோம்.

தருமபுரியானாலும் அரூர், பாலக்கோடானாலும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாங்கிய கணிப்பொறியில்தான் நம்மில் பலர் இன்றும் பில் போடுகிறோம். அதன் விவரத்தை நாமே அறியலாம். திரையில் 'கம்ப்யூட்டர்' அல்லது 'திஸ் பி.சி.' என்ற படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த விண்டோஸ், என்ன பிராசசர், ராம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட 4 ஜி.பி. ராம் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அதற்கு ஏற்ற பிராசசரும் வேண்டும். ராம் மட்டுமே குறை என்றால் அதைக் கூட்டினால் போதும். விண்டோஸ் 7 ஓடினால் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நம் பற்று வரவும் ஜி.எஸ்.டி. ரகசியச் சொல்லும் அதில்தானே இருக்கின்றன!

இந்த விவரங்களை ஒரு தாளில் குறித்து, கணிப்பொறி வாங்கிய பில்லுடன் வைப்போம். செலவைப் பற்றிய பேச்சு அதன் பிறகே இருக்கட்டும் என்பதே நமது கருத்து.