முகமூடி தேவைப்படாதவர்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் 'மிசிசிப்பி பர்னிங்' படம் போட்டோம். 1964-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களைக் கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் சுட்டுக் கொன்று ஒரு மண் அணைக்குள் புதைத்தார்கள். அதை வைத்து எடுத்த படம். முடிந்ததும் முதுகலை படிக்கும் ஒரு தோழர் சொன்னார்: "நம்ம ஊர்ல சாதிவெறி இருக்கு. ஆனா இப்படி முக்காடு போட்டு, சிலுவையக் கொளுத்திக்கிட்டுத் திரியிற கும்பல் இல்லையே." பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

படத்தின் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு. அதில் போராடுகிறவர்கள் வெள்ளைப் போலீஸ் அதிகாரிகள். கறுப்பின மக்கள் அழுகிறார்கள், அடிவாங்குகிறார்கள், தேவாலயத்தில் பாடுகிறார்கள். அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. வெள்ளை மேலாதிக்கவாதி என்றால் புகையிலை மெல்லும் படிக்காத முரடன் என்று நம் மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். படம் பார்க்கிற எவனும் "நான் அவன் இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

க்ளானைத் தொடங்கியவர்கள் முரடர்கள் அல்ல. 1865 கடைசியில், உள்நாட்டுப் போரில் தோற்றுத் திரும்பிய தென்மாநிலப் படையினர் ஆறு பேர், டென்னசியின் புலாஸ்கி என்ற சிற்றூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கூடினார்கள். எல்லாரும் படித்தவர்கள். கொஞ்ச காலத்திலேயே தலைமைக்கு வந்த நேதன் பெட்ஃபோர்டு ஃபாரஸ்ட், போருக்கு முன்பு அடிமைகளை வாங்கி விற்ற வியாபாரி. அவர்கள் இரவில் தேடிப் போனது யாரை? ஓட்டுப் போட்டவரை, பள்ளிக்கூடம் நடத்தியவரை, சொந்தமாக நிலம் வாங்கியவரை. ஒடுக்கப்பட்டவன் நிமிர்ந்த இடமெல்லாம் அடி விழுந்தது. 1871-இல் அதற்கெனச் சட்டம் வந்தது. அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்துப் படையை அனுப்பினார். க்ளான் நொறுங்கியது.

நொறுங்கியது முக்காடு மட்டும்தான். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. செத்தவர் கணக்கு 60 என்றும் 150 என்றும் சொல்கிறார்கள். எண்ணிக்கை கூட ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்பதே அந்த உயிர்களுக்கு இருந்த மதிப்பைச் சொல்லும். தண்டிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர். அவர்களையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அரசமைப்பின் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்றது தீர்ப்பு. பிறகு எதற்கு முகமூடி? லூசியானா 1898-இல் புதிய மாநில அரசமைப்பை எழுதியது: எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, இவை இல்லாத வெள்ளையருக்கு மட்டும் 'தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் போதும்' என்ற சலுகை. 1896-இல் அங்கே பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். இந்த எண்களைப் போட்டது பேனா பிடித்த கை.

1915-இல் க்ளான் மறுபடி பிறந்த கதையை நீட்டவில்லை. சேர்க்கைக் கட்டணம் பத்து டாலர், ஆள் பிடித்துத் தருகிறவனுக்கு அதில் நான்கு டாலர். வெறுப்பை விற்கக் கமிஷன்! 1925-இல் தலைநகர் வாஷிங்டனில் பல்லாயிரம் பேர் முகத்தை மூடாமலே ஊர்வலம் போனார்கள்.

நாம் படிக்க வேண்டியது 1954-ஐ. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் உட்காரவைப்பது செல்லாது என்று அந்த மே மாதம் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஜூலையில் மிசிசிப்பியின் இண்டியனோலா ஊரில் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் தொடங்கப்பட்டது. வங்கிக்காரர், வக்கீல், பண்ணை முதலாளி, மேயர் எல்லாரும் உறுப்பினர்கள். எங்களுக்கு வன்முறை ஆகாது என்றுதான் அவர்கள் சொன்னார்கள். மிசிசிப்பி அரசே ஓர் ஆணையம் வைத்து அதன் வழியாக இந்த மன்றத்துக்குப் பொதுப்பணம் கொடுத்தது. கறுப்பர்கள் கட்டிய வரியும் அதில் சேர்த்திதான்.

அடுத்த ஆண்டு யாசூ சிட்டி என்ற ஊரில், பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவையுங்கள் என்று கறுப்பினப் பெற்றோர் 53 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மன்றம் என்ன செய்தது தெரியுமா? அத்தனை பெயர்களையும் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டது. அவ்வளவுதான். 'இவர்களை அடியுங்கள்' என்று ஒரு வார்த்தை இல்லை. வேலையில் இருந்தவருக்கு வேலை போனது. கடை வைத்திருந்தவருக்கு மொத்த வியாபாரி சரக்கு தர மறுத்தார். ஒருவர் பின் ஒருவராகப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். பெயரை எடுத்த பிறகும் போன வேலை திரும்ப வரவில்லை.

தோழர்களே, இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! ஊர்க்கட்டுப்பாடு. கடையில் சாமான் தராதே, வயலில் வேலை தராதே, பால் ஊற்றாதே. இனமும் சாதியும் ஒன்றல்ல என்று சமூகவியல் வகுப்பில் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுப்பை அணைக்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அண்ணல் அம்பேத்கர் இதை யாசூ சிட்டிக்குக் கால் நூற்றாண்டு முன்பே பிடித்துவிட்டார். அவர் உறுப்பினராக இருந்த பம்பாய் அரசின் குழு 1930-இல் தந்த அறிக்கை, சமூகப் புறக்கணிப்பைத் தீண்டப்படாதோர் மீதான கொடிய ஆயுதமாகப் பதிவு செய்தது. வட்டமேசை மாநாட்டில் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கேட்டவர் அவர். 1946-இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றோம். கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு அடி? ரத்தக்காயம் இருக்கா?" முக்காடும் சிலுவையும் தேடுகிற கண்ணுக்கு மளிகைக்கடைக் கணக்கு நோட்டு எப்படித் தெரியும்?

வன்முறை ஆகாது என்ற அந்த மன்றத்தின் உறுப்பினன்தான், உர விற்பனையாளன் பைரன் டி லா பெக்வித். 1963 ஜூனில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலில் சுட்டவன். வழக்குச் செலவுக்கு மன்றத்தார் பணம் திரட்டினார்கள். முன்னாள் ஆளுநர் ஒருவர் நீதிமன்றத்துக்கே வந்து அவனிடம் கைகுலுக்கினார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1964-இல் இரண்டு முறையும் முடிவுக்கு வரவில்லை. அவன் தண்டிக்கப்பட்டது 1994-இல். கணக்கு நோட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கடனை நிறுத்திப் பணியவைக்கப் பார்த்தபோது, மருத்துவர் டி.ஆர்.எம். ஹோவர்டும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் கறுப்பினச் சங்கங்களின் பணத்தை மெம்ஃபிஸில் கறுப்பர்கள் நடத்திய டிரை-ஸ்டேட் வங்கியில் போடச் சொன்னார்கள். கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு அங்கிருந்து கடன் போனது. படத்தில் இதெல்லாம் வராது. வங்கிப் பாஸ்புக்கை வைத்து யார் சண்டைக்காட்சி எடுப்பார்கள்?

அந்த மன்றம் தேய்ந்தபோது அதன் பழைய முகவரிப் பட்டியலை வைத்து 1985-இல் இன்னொரு அமைப்பு உருவானது. அதுவும் கோட்டு சூட்டு போட்ட அமைப்புதான். அதற்கு ஓர் இணையதளம் இருந்தது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்ற 21 வயது இளைஞன், தன்னை மாற்றியது அந்தத் தளத்தில் படித்தவைதான் என்று எழுதிவைத்திருந்தான். அவன் முக்காடு போட்டிருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சுட்டான்.

அடுத்த கூட்டத்தில் படம் கிடையாது. உங்கள் பகுதியில் கடைசியாக நடந்த ஊர்க்கட்டுப்பாட்டை விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் யார் யார், இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்கள், யார் கடையில் முதலில் சாமான் நின்றது என்ற விவரமெல்லாம் வேண்டும். நோட்டு நாங்கள் தருகிறோம்.