கையிசையும் கல்வியும்

யூபிலி மலருக்குக் கட்டுரை எழுதுவோர் கலைகளின் பெருமையைப் பேசுதல் வழக்கம். அவ்வழக்கைத் தழுவி நாமும் ஒரு கலையைப் பற்றியே எழுதத் துணிந்தோம். ஆயினும் அது மேடை ஏறாத கலை. பலர் கேட்டவுடன் நகைக்குங் கலை. இரு கைகளையும் பொத்தி, உள்ளே அடைபட்ட காற்றைப் பிழிந்து இசை எழுப்புதலே அது.

அமெரிக்காவின் மிசிகன் மாநிலத்துத் திறவேர்ஸ் சிற்றி என்னும் ஊரைச் சார்ந்த செசில் டில் என்பவர் ஒரு கமக்காரர். 1914ஆம் ஆண்டிலேயே இவ்வித்தையைத் தாம் கண்டுகொண்டதாகக் கூறிய அவர், 1933இல் செய்திப்படமொன்றில் தோன்றி, 'யாங்கி டூடில்' என்னும் பாட்டைக் கைகளாலே வாசித்துக் காட்டினார். சிக்காகோ நகரத்து வழக்கறிஞர் ஜோன் ருவோமி 1974இல் ஜொனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அணிவகுப்பு இசையொன்றை இவ்வாறே வாசித்தார். ஒருவர் நிலத்தை உழுதவர். மற்றவர் சட்டம் பயின்றவர். இருவருக்கும் வாய்த்த கருவி ஒன்றே.

அக்கருவியின் இயல்பை நோக்குவோம். நாகசுரத்திற் சீவாளி அதிர்வதுபோல, இங்கே கைத்தோலின் விளிம்புகள் காற்றால் அதிர்கின்றன. இறுகப் பொத்திப் பிழிந்தால் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். கை முற்றும் உலர்ந்திருப்பின் ஒலி எளிதிற் பிறவாது. ஒரு பிழிவுக்கு ஒரு சுரமே உண்டு. அடுத்த சுரத்துக்குக் கையைத் திறந்து மீண்டுங் காற்றை அடைத்தல் வேண்டும். ஆதலின் நீண்ட கார்வைகள் இதற்கு ஒவ்வா. துள்ளுநடைப் பாட்டுக்களே பொருந்தும். குழலுக்குத் துளையுண்டு, வீணைக்கு மெட்டுண்டு. கைக்கோ சுரத்தின் இடங்காட்டும் அடையாளம் யாதுமில்லை. செவி ஒன்றே குரு.

நாம் மாணவராயிருந்த காலத்தில் எம்முடன் பயின்ற ஒருவன் பின்வாங்கிலிருந்து இவ்வொலியை எழுப்புவான். தொடக்கத்தில் அது கேட்கத் தகாத ஒலியாகவே இருந்தது. பல மாதங்கள் சென்றபின், ஒருநாட் பாடவேளையில், காவடிச் சிந்தின் மெட்டொன்று பிழையின்றி எழுந்தது. ஆசிரியர் பிரம்பை எடுத்தார். நாம் அனைவரும் சிரித்தோம். அதன் பின்னர் அவன் கைகள் ஒலித்ததை நாம் கேட்டிலம்.

பாடவேளையில் ஒலி எழுப்பியது தவறே, கண்டித்ததும் முறையே. ஆயினும் கண்டித்தபின், இடைவேளையில் அவனை அழைத்து, "எங்கே, மீண்டும் ஒருமுறை வாசி" என்று கேட்டிருக்கலாகாதா? ஆசிரியர் கேட்டிலர்; தோழராகிய நாமும் கேட்டிலம். ஆர்மோனியம் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளை அவன். கற்பிப்பார் எவருமின்றி, பிழைவிட்டு, தன் பிழையைத் தானே கேட்டு, திருத்தி, மீண்டும் முயன்று ஒரு மெட்டைக் கைவரப்பெற்றான். கல்வி என்பது இதனின் வேறோ?

பரீட்சையிற் சித்தியெய்தினோரையும் பந்தயத்தில் வென்றோரையும் கல்லூரி போற்றுவது தகும். பரிசுப் பட்டியலில் அடங்காத முயற்சிகளும் வகுப்பறைகளில் என்றும் உள. அவற்றைக் காணுங்கால் ஆசிரியர்கள் சற்றே செவிசாய்ப்பார்களாக. மாணவர்கள் சிரிக்குமுன் ஒருகணம் கேட்பார்களாக. நாம் செய்யத் தவறியதை இன்று இருப்போர் செய்வாராயின், இவ்விழா ஆண்டில் எமக்கு அதனினும் மகிழ்ச்சி பிறிதில்லை.