பெயரற்ற பாட்டில்கள்: முதியோர் இல்லங்களில் அபாயகரமான பொருள்களை இனங்காணுதல் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

முதியோர் இல்லங்களிலும் ஆதரவற்றோர் விடுதிகளிலும் பணிபுரியும் ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள், சமையற்காரர்கள், செவிலியர்கள் ஆகிய யாவரும், தாம் அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்களுள் எது உடலுக்குத் தீங்கு செய்யும், எவ்விதம் செய்யும் என்பதைத் தாமே கண்டறியும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பதும், அந்நிலையை உண்டாக்கித் தருவது இல்லத்தை நடத்தும் நிர்வாகத்தின் கடமை என்பதும் எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயமாகும். இதன் முதற்படியாக, எந்தப் பொருளையும் பெயரில்லாத வேறொரு பாட்டிலுக்கு மாற்றி வைக்கும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும் என்று கோருகிறோம்.

இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பது இல்லங்களின் நடைமுறை அறிந்தவர்க்குத் தெரியாததன்று. தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்கும் பினாயிலும் கழிவறை ஆசிட்டும் விலை மலிவு. ஆகவே அவற்றைப் பெரிய கேனில் வாங்கி, காலியான தண்ணீர் பாட்டில்களிலும் குளிர்பான பாட்டில்களிலும் ஊற்றி, மாடிக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று வைத்துவிடுகிறார்கள். எதில் எது இருக்கிறது என்பது ஊற்றியவரின் நினைவில் இருக்கும். இரவுப் பணிக்கு வேறொருவர் வந்துவிட்டாலோ, அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பினாயில் நீரில் கலந்தவுடன் வெளுத்து, பார்வைக்கு நீர்மோராகவே ஆகிவிடுகிறது. ஞாபகசக்தி குன்றிய ஒரு பெரியவர், பிற்பகல் தாகத்தில், ஜன்னலோரம் நிற்கும் அந்தப் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வதற்கு வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை. நெடியைக் கொண்டே தெரிந்துகொள்ள மாட்டாரா என்று கேட்போர் உண்டு. மறதிநோய் கண்டவர்களுக்கு முகர்ந்தறியும் சக்தி பல சமயங்களில் நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே மங்கிவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஒரு பொருளின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அது எதனோடு சேரக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். கழிவறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுவது, நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே பலரும் செய்வது. அக்கணமே அங்கே எழுவது குளோரின் வாயு. முதல் உலக மகாயுத்தத்தில், 1915-ஆம் ஆண்டு ஈப்பர் களத்தில், எதிரிகளின் மூச்சை அடைக்க ஏவப்பட்ட அதே வாயு. அது காற்றைவிடக் கனமானதாகையால் எளிதில் மேலெழுந்து கலையாமல் தரையோடு தங்குகிறது. குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்மணியின் முகம் இருப்பதும் அந்த உயரத்தில்தான். இதனினும் குறைவாக அறியப்பட்ட விஷயம் ஒன்று உண்டு, அதுவோ இல்லங்களில் தினந்தோறும் நிகழ்வது. படுக்கையிலும் தரையிலும் சிந்திய சிறுநீரின்மேல் பிளீச்சிங் கரைசலை நேராக ஊற்றினால், சிறுநீரிலுள்ள அம்மோனியா முதலியவற்றோடு அது கூடி, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் ஆவியை வெளியிடுகிறது. முதலில் சிறுநீரைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் கழுவிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகே கிருமிநாசினியை உபயோகிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கக் கால்மணி நேரம் போதும். இருந்தும், இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இல்லங்களே அதிகம் என்பதுதான் எமது மனத்தை வருத்துகிறது.

அபாயகரமான பொருள் என்றதும் துப்புரவு அலமாரியை மட்டுமே நினைப்பதும் சரியன்று. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது ஆயாக்களின் நித்திய வேலை; மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரையை அவ்விதம் பொடித்தால், அந்தத் தூள் பொடிப்பவரின் மூச்சிலும் தோலிலும் சேரும்; கர்ப்பிணிப் பெண்கள் அதைத் தொடவே கூடாது. கை சுத்திகரிக்கும் திரவம் சாராயச் சத்துடையது, எளிதில் தீப்பற்றுவது; பூஜை விளக்கும் கற்பூரத் தட்டும் இருக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை. பிராணவாயு சிலிண்டரின் அருகிலும் அப்படியே. இன்சுலின் ஊசிகளையும் புண்ணில் கட்டி அவிழ்த்த பஞ்சையும் சாதாரணக் குப்பையோடு சேர்ப்பது குப்பை அள்ளுகிறவரின் கையில் நோயைக் குத்துவதாகும்; 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் காட்டும் முறைப்படி, ஊசிக்குத் துளைபடாத வெள்ளைக் கலமும் பஞ்சுக்கு மஞ்சள் பையும் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

இனங்காண்பதற்குக் குறிகள் இல்லாமலில்லை. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 2003-இல் வெளியிட்ட உலகப் பொதுமுறைப்படி, சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துள் மண்டையோடும் தீச்சுடரும் கையை அரிக்கும் திரவமும் சித்திரங்களாக வரையப்படுகின்றன. நம் நாட்டுப் பூச்சிமருந்துப் புட்டிகளிலோ முக்கோண வர்ணம் விஷத்தின் கடுமையைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறைகிறது. கரப்பானுக்கு மருந்தடிக்கும் பணியாளருக்கு இந்த நான்கு வர்ணங்களையாவது எவரேனும் காட்டியிருக்க வேண்டாமா? வண்டியில் வாங்கும் கேனில் இக்குறிகளில் ஒன்றும் இராது. ஆகையால் ஒவ்வொரு பாட்டிலிலும் தமிழில், பெரிய எழுத்தில், பணியாளர்களின் பேச்சில் வழங்கும் பெயரையே எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சித்திரத்தையும் ஒட்ட வேண்டும் என்கிறோம். ‘சோடியம் ஹைப்போகுளோரைட்’ என்று இரசாயனப் பெயரை மட்டும் எழுதிய சீட்டால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை.

விபத்து நேர்ந்தபின் செய்யும் பிழையும் கொடியதே. ஆசிட்டையோ பினாயிலையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டவருக்கு உப்புநீரோ சோப்புநீரோ புகட்டி வாந்தியெடுக்க வைப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். அவ்வாறு செய்தால் ஆசிட் தொண்டையை இரண்டாம் முறையும் சுடுகிறது; மற்றவை வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். வாந்தியெடுக்க வைக்காமல், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். அந்தப் பாட்டிலில் பெயர் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது.

பெயரும் குறியும் உள்ள பொருளை வாங்கச் செலவு கூடும், நன்கொடையில் நடக்கும் இல்லங்களால் தாங்க இயலுமா என்று நிர்வாகிகள் சிலர் எம்மிடம் கூறினார்கள். அவர்களுடைய சிரமம் மெய்யானது, அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் சீட்டு எழுதவும், ஒரு பூட்டு வாங்கவும், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் வெவ்வேறு அலமாரிகளில் வைக்கவும் ஆகும் செலவு அற்பம். ஆசிட்டை அறவே விட்டுவிட்டால் செலவு மிச்சமாகவும் செய்யும். சோப்பும் தேய்ப்பானும் கொண்டு அன்றன்றைக்குக் கழுவும் கழிவறைக்கு அது தேவையே இல்லை என்பது எமது உறுப்பினர்களின் அனுபவம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டந்தோறும் இல்லம் அமைப்பதைப் பற்றி அது பேசுகிறது. அத்தகைய இல்லங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணி, பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் திரும்பாமல், துப்புரவு அலமாரியையும் திறக்கச் சொல்லி, அருகில் நிற்கும் ஆயாவை அழைத்து, ‘அம்மா, இது என்ன, இதை எதோடு சேர்க்கக் கூடாது?’ என்று கேட்க வேண்டும். அவரால் விடை சொல்ல இயலாவிட்டால் அவர்மீது குற்றம் சாட்டாமல், அதனை நிர்வாகத்தின் குறையாகவே எழுதிச் செல்ல வேண்டும்.