மண் மிதித்த கால்கள்

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படிகள். முதியோர் உதவித்தொகை வாங்க வரும் ஆயா ஒருவர் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே வருவார். கவுண்டர் முன்னால் வந்து நின்றால் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு வராது. கைநாட்டுக்கு விரலை நீட்டுவார். மூச்சு மட்டும் இழுத்துக் கொண்டிருக்கும். போன மாசம் பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்து இரண்டு தரம் எம்பியும் முடியவில்லை. போய்த் தூக்கி விட்டேன். "மூச்சு போனா போவுதுன்னு இருந்தேன்பா. காலும் போயிடுச்சே. சூளையில மண்ணு மிதிச்ச காலுப்பா இது" என்றார்.

இந்த இதழின் தலையங்கம் அந்தக் கால்களைப் பற்றித்தான்.

தோழர்களே, டாக்டர்கள் சீட்டில் சிஓபிடி என்று எழுதித் தரும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்குப் பீடி சிகரெட்டை மட்டும் காரணம் சொல்வது பலருக்கும் வசதி. பழி, பிடித்தவன் தலையில் விழுந்துவிடும். பீடி காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பீடியைக் கூடத் தொடாத நம் பெண்கள் ஏன் இளைக்கிறார்கள்? ஜன்னல் இல்லாத குடிசையில் விறகும் வறட்டியும் எரித்துப் பொங்கிய அடுப்பு. சூளைப் புகை. கல்குவாரித் தூசு. டிபி குணமான பின்பும் தழும்பேறிக் கிடக்கும் நுரையீரல். யார் எந்த வேலை செய்வது, யார் எங்கே குடியிருப்பது என்பதைச் சாதி வகுத்து வைத்த நாட்டில், யார் எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்பதும் அதோடு சேர்த்தே வகுக்கப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். இன்ஹேலர் தருகிறார்கள். இதெல்லாம் தேவைதான். ஆனால் ஆயாவின் கால் எங்கே போனது என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

நடப்பது இதுதான். உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. நாலு எட்டு வைத்தால் இளைக்கிறது. இளைக்குமே என்று பயந்து உட்கார்ந்து விடுகிறார்கள். உட்கார உட்காரத் தொடைத்தசை கரைகிறது. களைக்காமல் நெடுநேரம் உழைக்கக் கூடிய நார்கள் அதில் குறைகின்றன. பலமிழந்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிவிடும். அதைச் சரிக்கட்ட இன்னும் வேகமாக மூச்சு வாங்க வேண்டும். மறுபடி இளைப்பு, மறுபடி உட்காருதல். இந்தச் செக்கை இன்னும் வேகமாகச் சுற்றுவதற்கு அரைவயிற்றுச் சோறும், நோயினால் உடம்பெங்கும் பரவும் அழற்சியும், இளைப்புக்காக நெடுநாள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கின்றன. 2007இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, இந்த நோயாளிகளில் யார் சீக்கிரம் சாவார் என்பதை ஊதுகிற கணக்கை விடத் தொடையின் பலமே சரியாகச் சொல்கிறது என்று காட்டியது.

நல்ல சேதியும் இதற்குள்ளேயே இருக்கிறது. சிதைந்த நுரையீரல் திரும்பி வராது. தசை வரும். மூச்சுப்பயிற்சியோடு நடையும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், சின்னச் சின்ன எடை தூக்குவதுமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எட்டு வாரம் போல மேற்பார்வையில் செய்ய வைப்பதை நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை என்கிறார்கள். 65 ஆய்வுகளையும் 3822 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, இளைப்பு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது, வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று முடித்தது. இதற்குப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. பரிசோதித்து அனுப்ப ஒரு டாக்டர், நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நிறுத்தச் சொல்லத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நாற்காலி, ஒரு வராண்டா. அப்புறம் முட்டையும் பருப்பும் மாட்டுக்கறியும். புரதம் இல்லாமல் தசை ஏறாது.

வாழ்க்கைத் தரம் என்றோமே, அதை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் 1990களின் தொடக்கத்தில் லண்டனில் தயாரானது. மூச்சுத் திணறலால் கோல்ஃப் ஆட முடியவில்லையா, தோட்டத்துப் பனியை வாரிக்கொட்ட முடியவில்லையா என்றெல்லாம் அதில் வருகிறது. அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஆயாவை யார் கேட்பது? தண்ணிக் குடத்தை இடுப்பில் வைக்க முடிகிறதா? ரேஷன் வரிசையில் நிற்க முடிகிறதா? ஒதுங்கப் போன இடத்தில் குந்தினால் எழுந்திருக்க முடிகிறதா? இந்தக் கேள்விகளை நாம்தான் எழுத வேண்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். உடலே அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். உரமேறிய தோள், பாறை பிளக்கும் கை என்று நானும் கவிதை எழுதியிருக்கிறேன். அந்தத் தோள் சரிந்து திண்ணையில் இளைத்துக் கொண்டிருக்கும்போது என் கவிதை அந்தப் பக்கம் போனதில்லை. உழைக்கிற உடலைக் கொண்டாடிவிட்டு ஓய்ந்த உடலைக் கைவிடுவது பண்ணையார் செய்கிற வேலை. நம் ஊர்வலத்தில் பின்தங்கி நின்றவர்களை யாராவது எண்ணினோமா? நம் வாசிப்புக் கூட்டமும் மாடியில்தான் நடக்கிறது!

தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. மாணவத் தோழர்கள் அவரவர் சேரியில் இளைக்கிறவர்களைக் கணக்கெடுங்கள். அவர்கள் வீட்டுக்கு அது வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு கொடுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிதோறும் மறுவாழ்வுப் பயிற்சி வேண்டுமென்று கேட்போம்.

இந்த மாசம் வவுச்சரைக் கீழே எடுத்துப் போய், படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருந்த ஆயாவிடம் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுத்தேன். "நல்லா இருப்பா" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் கொடுத்தது தருமம். தருமத்தை எதிர்த்துத்தானே பத்திரிகை நடத்துகிறோம்? கீழ்த்தளத்தில் ஒரு கவுண்டர் என்பது அவர் உரிமை, எழுந்து நிற்கும் பலமும் அவர் உரிமை.

அடுத்த கூட்டம் கீழ்த்தளத்தில். நாற்காலி போட்டு வைப்போம். ஆயாக்களையும் தாத்தாக்களையும் கூட்டி வாருங்கள்.