காற்று மாசைக் காட்டிக்கொடுத்த மரப்பாசி!

வாக்கிங் கிளம்பும் முன் மொபைலில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்ப்பவரா நீங்கள்? அந்த எண் பெரும்பாலும் உங்கள் தெருவுடையது அல்ல. சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கருவியின் அளவு, இல்லையென்றால் கணினிக் கணிப்பு. தெருமுனைப் பட்டறையின் புகை அதில் சிக்காமலே போகலாம். இந்த ஓட்டையை அடைக்கத் தாவரங்கள் உதவும். எந்த அளவுக்கு உதவும், எங்கே உதவாது என்பதற்கு அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நல்ல உதாரணம்.

2013 டிசம்பரில் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானிகள் ஜெஃப்ரி டோனோவன், சாரா ஜோவன் குழுவினர், அந்த நகரின் மரங்களிலிருந்து 346 பாசி மாதிரிகளைச் சேகரித்தார்கள். பட்டை மேல் பச்சை வெல்வெட் மாதிரி படர்ந்திருக்குமே, அதுதான். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. தண்ணீர், சத்து எல்லாமே மழையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான். காற்றில் மிதக்கும் உலோகத் துகளும் கூடவே உள்ளே போய்த் தங்கிவிடும்.

அவர்கள் முதலில் தேடியது விறகு, டீசல் புகையில் வரும் நச்சை. உலோகப் பரிசோதனை கூடுதலாகச் சேர்ந்துகொண்டதுதான். ஆனால் வரைபடம் போட்டுப் பார்த்தால், இரண்டு இடங்களில் காட்மியம் எகிறியிருந்தது. இரண்டின் அருகிலும் வண்ணக் கண்ணாடி ஆலைகள். கண்ணாடிக்கு மஞ்சள், சிவப்பு நிறம் கொடுக்கப் பயன்படும் காட்மியம், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

2015 அக்டோபரில் ஓர் ஆலை அருகே மாநில சுற்றுச்சூழல் துறை கருவி வைத்தது. மாநிலம் நிர்ணயித்திருந்த பாதுகாப்பு இலக்கைப் போல காட்மியம் 49 மடங்கு, ஆர்சனிக் 159 மடங்கு இருந்தது. பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் வேறு! இத்தனைக்கும் ஆலைகள் அனுமதியோடுதான் இயங்கின. அந்த வகைச் சிறு உலைகளுக்குக் கடுமையான விதிகள் பொருந்தாது என்றே அதுவரை கருதப்பட்டது.

விஷயம் மக்களுக்குத் தெரிந்தது 2016 பிப்ரவரியில். பாசியைச் சேகரித்து இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. வீட்டுத் தோட்டத்துக் கீரையைச் சாப்பிடலாமா, பிள்ளைகளுக்கு சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கணுமா என்று அதற்கப்புறம்தான் பெற்றோர் அலைந்தார்கள்.

பாசியை மட்டும் நம்பி ஓர் ஆலையை மூட முடியாது என்பது நியாயமே. ஒரு கன மீட்டர் காற்றில் எவ்வளவு நச்சு என்று அது சொல்லாது; எந்த மாதம் படிந்தது என்றும் சொல்லாது. சட்டத்துக்குக் கருவியின் எண் வேண்டும். ஆனால் விலை உயர்ந்த அந்தக் கருவியை எங்கே நிறுத்துவது? அதைத்தான் பாசி மலிவாகச் சொல்லிவிடுகிறது. 'பாசிதானே' என்று வரைபடத்தைக் கோப்பில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தெருக்காரர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். சந்தேகம் வந்த அன்றே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், உறுதி செய்யும் வேலை பின்னாலேயே வரட்டும்.

ஆலைகள் காட்மியத்தை நிறுத்தின. புகைக்கூண்டில் என்ன வருகிறது என்பதோடு, சுற்றி வசிப்பவர்களுக்கு என்ன ஆபத்து என்பதையும் கணக்கிடும் 'கிளீனர் ஏர் ஓரிகன்' விதிகள் 2018-ல் வந்தன. அடுத்த வருஷம் சியாட்டிலின் தொழிற்பேட்டைப் பகுதியான டுவாமிஷ் பள்ளத்தாக்கில், விஞ்ஞானிகளிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே மரம் மரமாகப் போய்ப் பாசி சேகரித்தார்கள். வரைபடம் வரையப்பட்டது அவர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு.