தானாகப் பாயும் பழைய கார்: 7 முதல் 15 வயது வரை கேட்பார் இல்லை

கறம்பக்குடியில் இருந்து பட்டுக்கோட்டைக்கு ஒரு ஜனாஸா, புதுக்கோட்டையில் ஒரு நிக்காஹ், திருச்சி விமான நிலையத்தில் சபுராளியை அழைத்து வருவது என எதற்கும் நம் வீடுகளில் கிளம்புவது பெரும்பாலும் பத்து வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் அந்த வண்டி வேகமெடுத்தால் என்ன ஆகும்?

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று இப்படித்தான் பாய்ந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தனர். வேறு மாடலுக்கான தரைவிரிப்பு ஆக்சிலேட்டர் பெடலில் சிக்கியதே காரணம் என விசாரணையில் தெரிந்தது. அதே காரை முன்பு ஓட்டியவர் இந்தக் கோளாறை டீலரிடம் சொல்லியும் இருந்தார். 2011இல் நாசா உதவியுடன் நடந்த அரசு ஆய்வு, மின்னணுக் கோளாறுக்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் 2013இல் ஒக்லஹோமா ஜூரி, 2005ஆம் ஆண்டு கேம்ரி கார் ஒன்றின் விபத்தில் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. பெடல் கோளாறுகளை மறைத்ததற்காக 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் செலுத்தியது.

நம் நாட்டில் நிலை என்ன? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு நிறுவனத்துக்கு அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் இது 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். சொந்த உபயோக வண்டிக்கு எஃப்.சி. சோதனையோ 15 ஆண்டு முடிந்த பிறகுதான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் கேட்பாரில்லை. நம் வண்டிகளில் பல இந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன.

எனவே சோதனையை நாமே செய்தாக வேண்டும். ஓட்டுநர் காலடியில் ஒரே ஒரு விரிப்பு, அதுவும் கொக்கியில் மாட்டியதாக இருக்கட்டும். ஆக்சிலேட்டர் கேபிள் துருப்பிடித்து இறுகியுள்ளதா, ஸ்பிரிங் தளர்ந்துள்ளதா என மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய டீசல் வண்டியில் டர்போ சீல் கசிந்தால், சாவியை அணைத்தாலும் என்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடும். நீலப் புகை வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஓடும்போது வண்டி பாய்ந்தால் பிரேக்கை ஒரே அழுத்தாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக் கட்டையாகிவிடும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் என்றாலும் நியூட்ரல்தான். ஓரம் கட்டி நின்ற பிறகே என்ஜினை அணையுங்கள். ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

விற்பவருக்கும் கடமை உண்டு. பொருளின் குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பெடல் ஒருமுறை சிக்கியது என்று சொன்னால் விலை குறையும்தான். சொல்லாவிட்டால் இன்னொரு குடும்பத்தின் உயிர் போகலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பராமரிக்காத வண்டியின் விபத்தை விதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

7 ஆண்டு வரம்பை அரசு நீக்க வேண்டும். அதுவரை ஜமாஅத்துகள் ஒரு ஜும்ஆவிலாவது இதை அறிவிப்புச் செய்யலாம். நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக!